சேர்த்து வைப்பதா, தீர்த்து வைப்பதா?

(குடும்ப வழக்குகளில் சமரசம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சமரசர் என்று என்னை அறிமுகப்படுத்தினால் அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இதுவரைக்கும் எத்தனை ஜோடியைச் சேர்த்து வெச்சிருக்கீங்க?" கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், நீதிமன்றத் தாழ்வாரத்தில் கேட்கிறார்கள். மக்கள் நீதிமன்றம் நடந்த மறுநாள் செய்தித்தாளில் மாலையும் கழுத்துமாக நிற்கும் தம்பதியின் படத்தைப் பார்த்துப் பழகிவிட்டோம். படம் எடுக்க முடியாத சமரசம் நம் கண்ணில் படுவதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிவது என்று முடிவெடுத்த இருவர் நகை, பணம், வீடு, பிள்ளை எல்லாவற்றையும் தாங்களே பேசி முடித்து, மேற்கொண்டு நீதிமன்றப் படி ஏறாமல் பிரிந்தால் அது முழு வெற்றி. பேச்சு முறிந்து, இருவரும் வழக்கு நடத்தியே தீர்ப்புப் பெறுவோம் என்று தெளிந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. திரும்பிப் போகப் பயப்படும் பெண்ணை நாலு பெரியவர்கள் சூழ்ந்துகொண்டு பேசிப்பேசி அனுப்பி வைப்பதைத்தான் தோல்வி என்பேன். நம் கணக்குப் புத்தகங்களில் அது வெற்றி என்றே ஏறுகிறது.

இந்தக் கணக்கு முறைக்குச் சட்டமும் ஒரு காரணம். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், 23ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், கணவன் மனைவியைச் சேர்த்து வைக்க நீதிமன்றம் முதலில் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. 1976இல் வந்த திருத்தம் சில காரணங்களுக்கு விலக்குத் தந்தது. மதம் மாறியவர், துறவு பூண்டவர், தீராத மனநோய் உள்ளவர், ஏழாண்டாக உயிரோடிருக்கும் தகவலே இல்லாதவர் போன்றோர் விஷயத்தில் அந்த முயற்சி வேண்டாம். கொடுமை என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. சாமியாராகப் போனவரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை, அடிக்கிறவரிடம் மட்டும் சேர்த்து வைக்கப் பார்க்கலாம் என்று ஒரு குதர்க்கவாதி படிக்க முடியும். வழக்கின் தன்மையும் சூழ்நிலையும் இடம் கொடுத்தால் மட்டுமே என்ற நிபந்தனை அதே உட்பிரிவில் இருப்பதால் தப்பித்தோம்.

அதே 1976 திருத்தம்தான் 13பி என்ற பிரிவையும் கொண்டுவந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள், சேர்ந்து வாழ முடியவில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டால், யார் மீதும் குற்றம் சாட்டாமல் விவாகரத்துப் பெறலாம். பிறகு 1984இல் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. அதன் 9ஆம் பிரிவு, வழக்கின் பொருள் எதுவோ அதில் தரப்பினர் ஓர் உடன்பாட்டுக்கு வர உதவுவது நீதிபதியின் கடமை என்று எழுதியது. பிரிவதற்கான உடன்பாடும் அதற்குள் அடங்கும். ஆலோசகர்களை நியமிக்கவும், மூடிய அறையில் விசாரிக்கவும் அந்தச் சட்டம் வழி செய்தது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது என்றும் சொன்னது. இந்தக் கடைசி விதி என்ன ஆயிற்று என்பதை எந்தக் குடும்ப நல நீதிமன்றத்தின் வராந்தாவிலும் கறுப்புக் கோட்டுகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

சமரசம் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று சிலரும், நம் ஊர்ப் பஞ்சாயத்தின் மறுபிறவி என்று சிலரும் சொல்வதுண்டு. இரண்டாவது கூற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பல சாதிகளில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அத்துவிடும் வழக்கம் பழையது. கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்வார்கள். சமய நூல்களைப் படித்தவர்கள் திருமணம் பிரிக்க முடியாதது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே உழைக்கும் சாதிகளில் பெண்கள் பிரிந்து மறுமணம் செய்திருக்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டம் 29ஆம் பிரிவில் அந்த வழக்கத்தைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. அப்படி ஒரு வழக்கம் உண்டென்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். முஸ்லிம்களிடையேயும், தலாக் சொல்வதற்கு முன் கணவன் வீட்டார் ஒருவர், மனைவி வீட்டார் ஒருவர் என இரு நடுவர்கள் பேசிப் பார்த்திருக்க வேண்டும் என்று 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது.

ஆனால் பஞ்சாயத்தில் முடிவு சொல்பவர் நாட்டாமை. குடும்ப மானம், சாதி மானம், மறு வருஷம் திருவிழாவில் முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் எல்லாம் அந்தத் தீர்ப்பில் கலந்திருக்கும். பெண் ஓரமாக நிற்பாள், அவளுக்காக அவள் அண்ணன் பேசுவான். இன்றைய சமரச அறையில் முடிவு சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. அவள் பேச வேண்டும், அவன் பேச வேண்டும், இருவரும் ஒப்ப வேண்டும். நூறு முறை கூப்பிட்டாலும் "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போக இருவருக்கும் உரிமை உண்டு.

இந்த முறை நீதிமன்றத்துக்குள் வந்த வழியில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தந்து 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்கள் சேலம் வழக்கறிஞர்கள். சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் பெயரிலேயே 2002இலும் 2005இலும் வந்த இரு தீர்ப்புகளும் திருத்தங்களை நிலைநிறுத்தின. நீதிபதி ஜகந்நாத ராவ் குழு சமரசத்துக்கு மாதிரி விதிகளை வகுத்ததும் அந்த வழக்கால்தான். வேண்டாம் என்று போட்ட வழக்கு, வேண்டியதற்கான விதிகளை வாங்கிக் கொடுத்தது. அதே 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் இந்தியாவிலேயே முன்னோடி அது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவின் உழைப்பு அதில் பெரிது. 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில், திருமணம், ஜீவனாம்சம், பிள்ளைப் பொறுப்பு ஆகிய தகராறுகள் சமரசத்துக்கு ஏற்றவை என்று உச்ச நீதிமன்றம் பட்டியலே போட்டுக் கொடுத்தது.

இனி அறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். இங்கே ஒரு தடை. சமரசத்தில் பேசியது அந்த அறையைத் தாண்டக் கூடாது. பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னால் போதுமே என்பார்கள். திண்டுக்கல் என்பதை மதுரை என்று மாற்றினால் சம்பந்திகளுக்குத் தெரியாமல் போகுமா? அதனால் எந்த ஒரு வழக்கின் கதையையும் நான் சொல்லப் போவதில்லை. திரும்பத் திரும்ப நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் அமர்வில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து விதிகளைச் சொல்வோம். அன்றைக்குக் கணவனோடு அப்பா, மாமா, அக்கா வீட்டுக்காரர் வந்திருப்பார்கள். மனைவியோடு அம்மாவும் சித்தப்பாவும் வந்திருப்பார்கள். கட்சிக்காரர்கள் இரண்டு பேர், பேசுகிறவர்கள் ஏழு பேர். எல்லாரையும் வெளியே உட்காரச் சொல்வதுதான் எங்கள் முதல் வேலை, பல நேரங்களில் மிகக் கஷ்டமான வேலையும் அதுவே. "நாங்க இல்லாம அவனுக்குப் பேசத் தெரியாது மேடம்" என்று முப்பத்தைந்து வயது மகனைப் பற்றிச் சொல்லும் தாயைப் பார்க்கும்போது வழக்கின் பாதி எனக்குப் புரிந்துவிடும்.

பிறகு தனித்தனியாகக் கேட்போம். தனி அமர்வில் சொல்வதை, சொன்னவர் சம்மதிக்காமல் எதிர்த்தரப்பிடம் சொல்ல மாட்டோம். மனுவில் எழுதியிருப்பதற்கும் இங்கே சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கும். குற்றம் நிரூபித்தால்தான் விவாகரத்து என்ற சட்டத்துக்காக எழுதப்பட்டது மனு. சின்ன மனத்தாங்கலைக்கூட அது கொடுமையாக்கி வைத்திருக்கும். கேட்கக் கேட்க, சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேசாத வீடு, சம்பளத்தை முழுதாக அம்மாவிடம் கொடுக்கும் பழக்கம், குழந்தை இல்லாததற்கு ஒருவரை மட்டும் மருத்துவமனைக்கு இழுத்தது, இப்படித்தான் வெளியே வரும். சில நேரம் மனுவில் எழுதக் கூசிய, அதைவிட மோசமான ஒன்றும் வரும்.

நகைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் குடும்ப வழக்கில் பிள்ளையைவிட நீண்ட நேரம் பேசப்படுவது நகை. 40 சவரன் போட்டோம் என்பார்கள், 28தான் வந்தது என்பார்கள். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து கழுத்தில் கிடப்பதை எண்ணுவோம். அடகுக் கடைச் சீட்டு ஒன்று நடுவில் முளைக்கும். பித்தளை அண்டா, கட்டில், பீரோ, கிரைண்டர் என்று சீர்வரிசைப் பட்டியல் நீளும். வாங்கிய நாளில் இருந்த விலையை ஒருவர் கேட்பார், பழசாகிவிட்டது என்பார் மற்றவர். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும், அந்த அண்டாவுக்காக அவள் அப்பா சீட்டு எடுத்திருப்பார்.

இதில் ஒரு தந்திரத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீதனமும் அவளுடைய சொந்தச் சொத்து என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கணவன் வீட்டார் அதை வைத்துக்கொண்டிருந்தாலும் உரிமை அவளுடையது. ஆனால் பேரத்தில், "நகையை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், ஜீவனாம்சம் கேட்கக் கூடாது" என்று ஒரு வரி வரும். அவள் பொருளை அவளிடமே விற்கிறார்கள். ஒப்பந்தத்தில் இரண்டையும் தனித்தனித் தலைப்பில் எழுத வேண்டும். அப்படி எழுதாத சமரசர், நல்லவராகவே இருந்தாலும், ஏமாற்றுக்கு உடந்தை.

பணத்தைப் பேசுவதற்கு வருமானம் தெரிய வேண்டும். சமரச அறைக்கு வரும்போது ஐ.டி. கம்பெனி மேலாளரும் திடீரென்று வேலையில்லாதவர் ஆகிவிடுவார். மனைவியும் தான் நடத்தும் தையல் வகுப்பை மறந்துவிடுவார். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுதுக்கும் விதித்தது. என்னைக் கேட்டால், குடும்பச் சமரசத்துக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த பெரிய உதவி அந்தத் தீர்ப்புதான். அந்தத் தாள் மேசைக்கு வராமல் தொகை பேச உட்காரவே கூடாது. ஒருவர் சீட்டை மறைத்து வைத்துக்கொண்டு இருவரும் விருப்பத்தோடு ஒப்பினார்கள் என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

பிள்ளை விஷயத்தில்தான் சமரசத்தின் அருமை தெரியும். நீதிமன்றம் உத்தரவு போட்டால், மாதத்தில் இன்னின்ன ஞாயிற்றுக்கிழமை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று போடும். அதற்கு மேல் எழுத நீதிபதிக்கு நேரம் ஏது? அறைக்குள் பெற்றோரே எழுதினால் ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கும். பொங்கல் யார் வீட்டில், தீபாவளி யார் வீட்டில், கோடை விடுமுறையில் ஆத்தா ஊருக்கு எத்தனை நாள், பள்ளி ஆண்டு விழாவுக்கு இருவரும் வரலாமா, காய்ச்சல் வந்தால் யார் யாரைக் கூப்பிடுவது, பாஸ்போர்ட் யாரிடம் இருப்பது, காது குத்துக்கு எந்த மாமன் மடியில் உட்கார வைப்பது. கடைசியாகச் சொன்னதில் பேச்சே முறிந்துபோகும் அளவுக்குச் சண்டை வருவதும் உண்டு. ஒன்றை மட்டும் பெற்றோர் பேரம் பேச முடியாது: பிள்ளையின் ஜீவனாம்சம். "எனக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம், விட்டால் போதும்" என்று தாய் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையின் உரிமை போகாது.

ரகசியம் பற்றி முன்பு சொன்னேன். 2010இல் மோதி ராம் வழக்கில், சமரசம் முறிந்தால் "முறிந்தது" என்று மட்டுமே சமரசர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும், யார் என்ன சொன்னார் என்று எழுதக் கூடாது என உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. சில நீதிபதிகள் இன்றும், "யார் மேடம் ஒத்துவரல?" என்று மெதுவாகக் கேட்பதுண்டு. பதில் சொன்னால் அடுத்த தம்பதி வாய் திறக்க மாட்டார்கள். பிள்ளையின் நலன் பற்றிய அறிக்கைகளுக்கு மட்டும் 2019இல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில் விதிவிலக்குக் கிடைத்தது. பிள்ளையோடு ஆலோசகர் பேசி எழுதியதை நீதிபதி பார்க்கலாம்.

இனி, சமரசம் எங்கே கூடாது? இதைச் சமரசரே சொல்வதுதான் முறை.

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியபோது, பெண்கள் தயங்காமல் புகார் கொடுக்க ஓர் இடம் என்பது நோக்கம். பெண்கள் வந்தார்கள். வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது முதல் தகவல் அறிக்கை அல்ல, மர பெஞ்சும் அறிவுரையும்தான். "அனுசரிச்சுப் போம்மா" என்று காக்கிச் சட்டை சொல்வது சமரசம் ஆகாது, அதற்கு நம் ஊரில் கட்டப் பஞ்சாயத்து என்று பெயர். லத்தி வைத்திருப்பவர் முன்னால் யாரும் சுதந்திரமாக ஒப்புக்கொள்வதில்லை, கணவனும்கூட.

2013இல் ஸ்ரீநிவாஸ ராவ் எதிர் தீபா வழக்கில் உச்ச நீதிமன்றம் குடும்ப நல நீதிமன்றங்கள் எல்லா வழக்குகளிலும் சமரசத்துக்கு முயல வேண்டும் என்றது. கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமையைத் தண்டித்த 498ஏ பிரிவு வழக்கிலும் இணக்கத்துக்கு வாய்ப்பிருந்து இருவரும் விரும்பினால் அனுப்பலாம், ஆனால் அந்தப் பிரிவின் கூர்மை மழுங்கிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது. முன்பாதியைப் படித்தவர்கள் அதிகம், பின்பாதியைப் படித்தவர்கள் குறைவு. 2003இன் பி.எஸ். ஜோஷி தீர்ப்புக்குப் பிறகு, உடன்பாடு ஏற்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அந்தக் குற்ற வழக்கை ரத்து செய்துகொள்ளலாம். அதனால் குற்ற வழக்குக்கு ஒரு விலை உண்டாகிவிட்டது. பொய்யாகப் போட்டவருக்கும் அது காசு, உண்மையாக அடிபட்டவளுக்கும் அது தள்ளுபடி. இந்த வணிகத்தை ஒழிக்க எனக்கு வழி தெரியும் என்று சொல்ல மாட்டேன். முதல் அமர்வுக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, "அவரோடு ஒரே அறையில் உட்காரப் பயமாக இருக்கிறதா? வீட்டுக்குப் போனால் இன்று பேசியதற்காக அடி விழுமா?" என்று கேட்பதைக் கட்டாயமாக்கலாம். ஆமாம் என்று பதில் வந்தால் கோப்பை மூடி நீதிபதிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பாதுகாப்பு உத்தரவு அவளுக்கு முதலில் வேண்டும், எங்கள் சமரசத் தேநீர் பிறகு.

2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் பற்றிச் சுருக்கமாக. அந்த ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அக்டோபர் 9 அன்று சில பிரிவுகள் மட்டும் நடைமுறைக்கு வந்தன. 120 நாளில் முடிக்க வேண்டும், இருவரும் ஒப்பினால் இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம் என்கிறது. உடன்படிக்கைக்குத் தீர்ப்பாணையின் வலிமை தருகிறது. எழுத்து மூலம் சம்மதித்தால் இணையவழியிலும் பேசலாம் என்கிறது. ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் சிவகங்கையிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது தேவை. 2017இல் சாந்தினி வழக்கில், சமரச முயற்சி நடக்கும் கட்டத்தில் காணொலி கூடாது என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னதை எண்ணிப் பார்த்தால் காலம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

உடன்படிக்கை கையெழுத்தான பின்னும் ஓர் ஆபத்துக் காலம் உண்டு. 13பி பிரிவில் முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் நடுவே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991இன் சுரேஷ்டா தேவி தீர்ப்பு. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டோ, குற்ற வழக்கை முடித்துக்கொண்டோ மனம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017இன் அமர்தீப் சிங் தீர்ப்பு, பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகி, சமரசம் பயனற்றுப் போய், பணமும் பிள்ளையும் தீர்ந்துவிட்ட நிலையில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்றது. மற்றவர்களுக்கு நாங்கள் தவணை பிரித்து எழுதுவோம். முதல் மனு அன்று இவ்வளவு, குற்ற வழக்கு ரத்தாகும் அன்று இவ்வளவு, இரண்டாம் மனு அன்று மீதி, காசோலை வேண்டாம், வங்கி வரைவோலை. நம்பிக்கை போய்விட்ட இருவருக்கு நடுவே இந்த அளவு கறார் தேவை.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்கு விசாரணையை உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். கட்சிக்காரரோடு சமரச அறைக்குப் போய், அவர் பேசும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதைக் கற்றுக்கொள்ளுங்கள். மையங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டறிக்கையில் "சேர்ந்தவர்கள்" என்ற கட்டத்தின் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: உடன்பட்டுப் பிரிந்தவர்கள் எத்தனை பேர், ஓராண்டு கழித்தும் நிற்கும் ஒப்பந்தங்கள் எத்தனை. சேர்ந்துபோனவர்களையும் ஆறு மாதம் கழித்து, தனித்தனியாக, தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இந்த அரங்கில் வழக்கோடு உட்கார்ந்திருப்பவர் யாராவது இருக்கலாம், அவருக்கும் சொல்கிறேன். நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பினால் வாய்தா என்று நினைத்துப் போகாமல் இருக்காதீர்கள். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பிள்ளையின் பள்ளி நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள், உறவினரை வெளியே உட்கார வையுங்கள். பயம் இருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். நீதிமன்றத்தோடு இணைந்த மையத்தில் இதற்கெல்லாம் உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம், உங்கள் வழக்கு விட்ட இடத்திலேயே இருக்கும்.